டாக் டு மி இன் கொரியன் முதல் நிலை: இறந்தகாலப் பாடம் தமிழருக்கு எப்படி?

சியோலிலிருந்து 2009 முதல் வெளிவரும் 'டாக் டு மி இன் கொரியன்' என்ற கொரிய மொழிப் பாடத் தொகுப்பின் முதல் நிலையில் 25 பாடங்கள். இறந்தகாலம் 17ஆவது. ஆசிரியர்கள் ஆங்கிலத்தில் உரையாடிக்கொண்டே கொரியச் சொற்களைச் சொல்லித் தருகிறார்கள். கேட்டுத் திருப்பிச் சொல்லிக்கொண்டே போகலாம். நல்ல பாடம்தான். ஆனால் தமிழர் இதை ஆங்கிலத்தின் வழியாகவே படித்தால், கையில் இருக்கும் சாவியை விட்டுவிட்டுப் பூட்டை நெம்புவது போல ஆகிவிடும். எங்கெங்கே தமிழை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம்.

எழுத்து பற்றி முதலில் ஒரு சொல். கீழே 'ஓ' என்று வரும் இடத்தில் உதட்டை நன்றாகக் குவிக்க வேண்டும். 'ஒ' என்று வரும் இடத்தில் உதடு தளர்ந்து, ஒலி ஆவுக்கும் ஓவுக்கும் நடுவில் நிற்கும். இரண்டும் கொரிய மொழியில் வெவ்வேறு உயிர்கள்.

பாடம் சொல்லும் விதி இது. வினையடியின் (அகராதி வடிவின் கடைசி 'தா'வை நீக்கினால் மிஞ்சுவது) கடைசி உயிர் ஆ அல்லது ஓ என்றால் 'ஆஸ்ஸொயோ' சேரும். வேறு உயிர் என்றால் 'ஒஸ்ஸொயோ'. ஹாதா (செய்) என்ற வினைக்கு மட்டும் 'யொஸ்ஸொயோ' சேர்ந்து, சுருங்கி 'ஹெஸ்ஸொயோ' ஆகும். காதா (போ) காஸ்ஸொயோ ஆகிறது, மொக்தா (சாப்பிடு) மொகொஸ்ஸொயோ ஆகிறது. த், ட், ற், இன் என்று நான்கு இடைநிலைகளை யோசிக்காமலே மாற்றி மாற்றிப் போடும் நமக்கு இது பெரிய சுமையே இல்லை.

சிக்கல் சுருக்கத்தில் வருகிறது. ஓதா (வா) 'ஓஆஸ்ஸொயோ' ஆகாமல் 'வாஸ்ஸொயோ' ஆகிறது. போதா (பார்) 'ப்வாஸ்ஸொயோ', மாஷிதா (குடி) 'மாஷொஸ்ஸொயோ'. ஒவ்வொரு முறையும் வினையடியிலிருந்து கணக்குப் போட்டால், பேச வாய் திறப்பதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. 16ஆம் பாடத்தில் வரும் நிகழ்கால வடிவத்தை எடுத்து, கடைசி 'யோ'வை நீக்கி, 'ஸ்ஸொயோ' போடுங்கள். காயோ, காஸ்ஸொயோ. மொகொயோ, மொகொஸ்ஸொயோ. மாஷொயோ, மாஷொஸ்ஸொயோ. ஹெயோ, ஹெஸ்ஸொயோ. இதன் உண்மையான பலன் ஒழுங்கற்ற வினைகளில்தான் தெரியும். 'குளிருது' என்பது ச்சுவொயோ, குளிர்ந்தது, ச்சுவொஸ்ஸொயோ. 'தெரியாது' என்பது மோல்லாயோ. தெரியாமல் இருந்தது, மோல்லாஸ்ஸொயோ. 'கேட்கிறேன்' என்பது துரொயோ, கேட்டேன், துரொஸ்ஸொயோ. (இந்தத் 'து'வின் உகரத்துக்கு உதட்டைக் குவிக்கக் கூடாது; நம் குற்றியலுகரம் போலச் சொன்னால் சரியாக வரும்.) அன்றாடப் பேச்சில் முதல் நாளிலிருந்தே தேவைப்படும் இந்த வினைகளின் விதிகளை இத்தொகுப்பு மேல்நிலைகளுக்குத் தள்ளிவிடுகிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம். நிகழ்கால வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் இறந்தகாலம் தானாக வந்துவிடும்.

இது பிசகும் இடம் 'இயேயோ', அதாவது பெயர்ச்சொல்லோடு வரும் 'ஆக இருக்கிறது'. அதன் இறந்தகாலம் மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின் 'இயொஸ்ஸொயோ', உயிரில் முடியும் சொல்லுக்குப் பின் 'யொஸ்ஸொயோ'. மாணவராக இருந்தேன்: ஹாக்ஸெங்-இயொஸ்ஸொயோ. நண்பராக இருந்தார்: ச்சிங்கு-யொஸ்ஸொயோ. இன்னொரு இடத்திலும் பிசகும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

அடுத்தது காது. எழுத்தில் பார்க்கும் 'ஸ்ஸ்' பேச்சில் எப்போதும் அப்படியே கேட்காது. பின்னால் உயிர் வந்தால்தான் 'ஸ்ஸ்' வெளியே வரும். 'ன' வந்தால் மூக்கொலியாகிவிடும்: 'போனீங்களா' என்று மென்மையாகக் கேட்கும் வடிவம் எழுத்தில் காஸ்ஸ்+நாயோ, வாயில் 'கான்னாயோ'. 'செஞ்சேன், ஆனா...' என்று இழுக்கும்போது வருவது 'ஹென்னுந்தே'. எழுத்தை மட்டும் பார்த்துப் படித்தவருக்கு இது இறந்தகாலம் என்றே பிடிபடாது. கொரிய நாடகங்களில் அடிக்கடி காதில் விழும் வடிவங்கள் இவை. ஆகவே ஒலியை விட்டுவிட்டு எழுத்துக் குறிப்பை மட்டும் வைத்து இந்தப் பாடத்தை முடிப்பது வீண்.

பாட வரிசையில் எனக்கு ஒரு குறை. 17இல் இறந்தகாலம், 18இல் இடத்தைக் காட்டும் உருபுகள், 19இல் 'எப்போது', 21இல் எதிர்மறை, 22இல் ஹாதா வினைகள் (பெயர்ச்சொல்லோடு ஹாதா சேர்ந்து வருபவை). உருப்படியான ஓர் உரையாடலுக்கு இவை எல்லாமே வேண்டும். 17ஐ முடித்ததும் பேசிப் பார்க்க நினைப்பவர் 'போனேன், சாப்பிட்டேன்' என்பதைத் தாண்ட முடியாது. 16 முதல் 22 வரை ஒரே கட்டாக எடுத்துக்கொண்டு, நடுவில் 20ஆவது எண்ணுப் பாடத்தை மட்டும் தள்ளி வைப்பது நல்லது. அந்தக் கட்டு முடிந்தால் இவ்வளவு பேசலாம்:

ஜுமாரே ம்வொ ஹெஸ்ஸொயோ? (வார இறுதியில என்ன செஞ்சீங்க?)
ஜிபேஸொ யொங்ஹ்வா ப்வாஸ்ஸொயோ. (வீட்டில படம் பார்த்தேன்.)
கோங்பு ஆன் ஹெஸ்ஸொயோ? (படிக்கலையா?)
ஆன் ஹெஸ்ஸொயோ. (படிக்கல.)

இரண்டாவது வரியைப் பாருங்கள்: வீட்டில், படம், பார்த்தேன். சொல்லுக்குச் சொல் தமிழ் வரிசை. ஆங்கிலத்தில் யோசித்துத் திருப்பிப் போட்டால்தான் தடுமாற்றம். மூன்றாவது வரியில் எதிர்மறை காட்டும் 'ஆன்' நிற்கும் இடம் முக்கியம். ஹாதா வினைகளில் அது பெயருக்கும் ஹாதாவுக்கும் நடுவே வரும். 'ஆன் கோங்பு ஹெஸ்ஸொயோ' என்பது தொடக்கநிலையில் எல்லோரும் செய்யும் பிழை.

தமிழர் இன்னொரு பிழையும் செய்வோம். நம் வினை 'பார்த்தேன், பார்த்தான், பார்த்தார்கள்' என்று ஆளைக் காட்டிவிடும். ப்வாஸ்ஸொயோ யாரையும் காட்டாது. அந்த வெற்றிடம் உறுத்துவதால் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'நான்', 'நீங்கள்' சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள். கேள்வியா பதிலா என்பதைக் குரலின் ஏற்றம் காட்டும், யாரைப் பற்றிய பேச்சு என்பதைச் சூழல் காட்டும்.

ஆங்கில விளக்கத்தை ஒதுக்கிவிட்டுத் தமிழைக் கையில் எடுக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. 'கல்யாணம் ஆயிடுச்சா?' என்பதற்குக் கொரியரும் இறந்தகாலத்தில்தான் கேட்கிறார்கள்: க்யொல்ஹோன் ஹெஸ்ஸொயோ? ஆங்கிலத்தில் நினைத்து நிகழ்காலத்தில் சொன்னால், கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்ற பொருள் வந்துவிடும். சொன்னதைப் புரிந்துகொண்டதற்கு நாம் 'புரிஞ்சுது' என்போம். அவர்கள் 'ஆராஸ்ஸொயோ' என்பார்கள், அதுவும் இறந்தகாலம். வண்டி தெருமுனை திரும்பும்போதே 'வந்துட்டோம்' என்கிறோமே, அதுதான் 'தா வாஸ்ஸொயோ'. மழை அங்கேயும் 'வந்தது'தான்: பிகா வாஸ்ஸொயோ. 'இன்னும் சாப்பிடல' என்பது ஆஜிக் ஆன் மொகொஸ்ஸொயோ. மேல்நிலைகளில் வரும் 'மொகொ ப்வாஸ்ஸொயோ' அப்படியே நம் 'சாப்பிட்டுப் பார்த்தேன்'. பார்த்தல் என்ற அதே வினைதான். ஆங்கிலம் வழியாக வருபவருக்கு இது ஒரு தனிப் பாடம், நமக்கு ஒரு வரி.

பேச்சைத் தொடங்க அவர்களும் 'சாப்பிட்டாச்சா?' என்றுதான் கேட்பார்கள். எழுத்தில் பாப் மொகொஸ்ஸொயோ, வாயில் 'பாம் மொகொஸ்ஸொயோ'. இதைப் பெரியவரிடமோ ஆசிரியரிடமோ கேட்கக் கூடாது. குறுக்குவழி பிசகும் இரண்டாவது இடமும் இங்கேதான்: மரியாதை வடிவம் நிகழ்காலத்தில் 'ஹாஸேயோ', இறந்தகாலத்தில் 'ஹாஷொஸ்ஸொயோ'. பெரியவரிடம் கேட்க வேண்டியது 'ஷிக்ஸா ஹாஷொஸ்ஸொயோ?' முதல் நிலையின் இறந்தகாலப் பாடத்தோடு இது வராதது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. சாப்பிட்டியா, சாப்பிட்டீங்களா என்ற வேறுபாட்டோடு வளர்ந்தவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே தனியாக மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

இதே தொகுப்புக்குப் பயிற்சிப் புத்தகமும் தனியாகக் கிடைக்கிறது. கையால் எழுதிப் பழகவும் சுருக்கங்கள் கையில் படியவும் அது உதவும். உங்கள் 'ஒ'வையும் 'ஓ'வையும் கேட்டுத் திருத்துவதற்கு மட்டும் ஓர் ஆள் வேண்டும். சென்னையில் இருப்பவர்கள் 2006 முதல் இயங்கும் இன்கோ சென்டர் என்ற இந்திய-கொரியப் பண்பாட்டு மையத்தின் கொரிய வகுப்புகளை விசாரித்துப் பார்க்கலாம்.