மண்ணடியில் ஷீல்டு வாங்கினோம்: பெயர்ப்பலகை இல்லாத ஒரு கடையைப் பற்றி

வடசென்னையில் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஷீல்டு, மெடல் தேடி அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பகுதி அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர். பிழைப்புக்கு ஜெராக்ஸ், டி.டி.பி. கடையில் தட்டச்சு வேலை. அதனால் அச்சு விஷயத்தில் என்னை ஏமாற்றுவது கொஞ்சம் கஷ்டம். இந்த வருஷம் பரிசு வாங்கும் பொறுப்பை யாரும் என் தலையில் கட்டவில்லை. போன வருஷப் பரிசுகளின் கதியைப் பார்த்த எரிச்சலில் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தக் கடை என்பது வேண்டாம். ஒரே அளவில், ஒரே அச்சில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக ஷீல்டு வந்து இறங்கியது. எல்லாவற்றிலும் ‘சிறந்த மாணவர்’ என்று ஒரு தங்க நிற ஸ்டிக்கர். பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்த பெண்ணுக்கும் அதுதான், ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த பையனுக்கும் அதுதான். மேடையில் யாருக்கு எதைத் தூக்கிக் கொடுத்தாலும் கணக்கு இடிக்காது என்பது ஒன்றுதான் அதிலிருந்த வசதி. பலகை எம்.டி.எஃப். அதாவது மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்வது. ஈரம் ஏறினால் ஓரம் உப்பும். எங்கள் வீடுகளில் கடற்காற்றுக்குத் தனியாகக் கதவு திறக்க வேண்டியதில்லை. மழைக்காலம் முடிவதற்குள் பலகை ஊதி, ஸ்டிக்கர் நுனி சுருண்டுவிட்டது. மெடல்கள் இரும்புத் தகட்டின் மேல் முலாம். உப்புக்காற்றில் துரு ஏறி, ரிப்பன் வரைக்கும் பழுப்புக் கறை. மெடல் வாங்கப் போகிறவர்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு. துத்தநாகக் கலவையில் வார்த்த மெடல் ஒட்டாது. விலையில் பத்துப் பதினைந்து ரூபாய்தான் வித்தியாசம்.

சரி, கடைக்கு வருவோம். தண்டையார்பேட்டை பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு மெட்ரோதான் சௌகரியம். மண்ணடியில் இறங்கி அங்கப்ப நாயக்கன் தெருப் பக்கம் நடந்தால், அதிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் முதல் மாடி. கீழே ஹார்டுவேர் கடை. ஊருக்கெல்லாம் பெயர் பொறித்துக் கொடுக்கிற கடைக்குச் சொந்தப் பெயர்ப்பலகை இல்லை. ‘ஷீல்டு பாய் கடை’ என்று கேட்டால் கீழே நிற்கிறவர்கள் படிக்கட்டைக் காட்டுவார்கள். படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். முழங்கால் வலி இருக்கிறவர்கள் கீழேயே நின்று போன் போட்டால் பையன் சாம்பிளைக் கீழே கொண்டுவந்து காட்டுவான்.

“பேர் லிஸ்ட் கொண்டாந்தீங்களாம்மா?” பாய் கேட்ட முதல் கேள்வி இதுதான். எத்தனை பீஸ், என்ன பட்ஜெட் என்பதெல்லாம் அப்புறம்தான். நான் பெயர் மட்டும் எழுதிய தாளை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இது அட்டெண்டன்ஸ். எதுக்குக் குடுக்குறீங்கன்னு பக்கத்துல ஒரு கட்டம் போட்டு எழுதியாங்க. பேருக்கும் அதுக்கும் தனிக் காசு கிடையாது.” இந்தக் கடைக்கு நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அந்தக் கட்டம்தான் காரணம்.

ஏனென்றால் அதை நிரப்பத் தலைமை ஆசிரியர் அறையில் எல்லோரும் உட்கார்ந்தபோதுதான், எங்கள் பள்ளியில் யார் என்ன செய்திருக்கிறார்கள் என்பதே எங்களுக்கு முழுசாகத் தெரிந்தது. மதிப்பெண் வரிசை சுலபமாக முடிந்தது. அரசே 2017லிருந்து மாநில ரேங்க் வெளியிடுவதை நிறுத்திவிட்டது, நமக்கு மட்டும் எதற்கு முதல் மூன்று என்று கணக்கு டீச்சர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனாலும் முதல் மூன்றைக் கைவிட யாருக்கும் மனசு வரவில்லை, வைத்துக்கொண்டோம். அப்புறம் என்.எம்.எம்.எஸ். எட்டாம் வகுப்பில் எழுதுகிற தேர்வு. தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய் வரும். “அதான் பணம் வருதே, ஷீல்டு வேறயா” என்று ஒரு குரல். பணம் பேங்க் கணக்குக்குப் போகிறது, அதை யாரும் கூடத்தில் மாட்டிவைக்க முடியாதே என்றேன்.

கலைத் திருவிழாவில் மேல் சுற்று வரை போன பறை குழு ஒன்று இருந்தது. அரசுப் பள்ளிகளில் 2022-23ல் கலைத் திருவிழா ஆரம்பித்த பிறகுதான் எங்கள் பிள்ளைகள் பறையோடு பள்ளி மேடை ஏறினார்கள். அதற்கு முன்னால் ஆண்டு விழா என்றால் சினிமாப் பாட்டும் வாடகை டிரஸ்ஸும்தான். அறிவியல் கண்காட்சிக்கு எண்ணூர் கழிமுகத்து எண்ணெய்ப் படலத்தை எடுத்துக்கொண்ட ஒன்பதாம் வகுப்புப் பெண் இருந்தாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்து படிந்த எண்ணெய் அவள் சித்தப்பாவின் வலையைப் பாழாக்கியது. அந்த வலைத் துண்டையே கண்ணாடித் தொட்டியில் போட்டுக் காட்டினாள். அதற்கு என்ன தலைப்பு என்று யோசித்து, கடைசியில் ‘எண்ணூர் கழிமுக ஆய்வு’ என்றே எழுதினோம். முழு வருகைக்கு ஒரு பையன். விடிகாலையில் அம்மாவோடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்க் கூடை பிடித்துவிட்டு, முதல் மணிக்கு முன்னால் வரிசையில் நிற்பவன். போன வருஷம் இவர்கள் யாருமே பட்டியலில் இல்லை. ஸ்டிக்கரில் இடம் இல்லாததால் இல்லை, யாரும் கேட்காததால்.

பட்டியலை நான்தான் தட்டச்சு செய்தேன். இங்கே ஒரு தொழில் சங்கதி. 2010லேயே தமிழ்நாட்டு அரசு யூனிகோடையும் டேஸ் 16ஐயும் கணினித் தமிழுக்கான பொதுக் குறியீட்டு முறைகள் என்று அறிவித்துவிட்டது. ஆனாலும் அச்சுக் கடைகளில் பழைய கோரல்டிரா வரைகலை மென்பொருளும் பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்களும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நாம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற யூனிகோடு பட்டியலை அதில் அப்படியே ஒட்டினால் கொம்பு தன் இடத்தை விட்டு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். யோகேஷ், செல்வி, கௌசல்யா மூன்று பேரும் காலி. பெரும்பாலான கடைகளில் அதைக் கவனிக்காமல் அடித்துவிட்டு, “கம்ப்யூட்டர் அப்படித்தான் எடுக்குது” என்பார்கள். இங்கே வரைகலை வேலை பார்க்கிற பையன் ஒவ்வொரு பெயரையும் புதிதாகத் தட்டுகிறான். தட்டிய பிறகு எல்லாப் பெயரையும் ஒரே தாளில் அச்செடுத்து, நம் கையில் சிவப்புப் பேனாவைக் கொடுத்து, சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். கையெழுத்து இல்லாமல் மெஷின் ஓடாது.

எமிஸ் என்கிற கல்வித்துறை மாணவர் பதிவில் இருக்கிற மாதிரியே பெயர் இருக்கட்டும் என்று முடிவு செய்திருந்தோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழும் அதை வைத்துத்தான் வருகிறது. முன்னெழுத்தும் தமிழில்தான், எம். இல்லை, ம. தாளைச் சரிபார்க்கும்போது ‘சன்முகம்’ என்று ஒன்று தட்டுப்பட்டது. நான் பேனாவை எடுப்பதற்குள் பையனே, “அக்கா, மூணு சுழிதானே?” என்று திருத்திவிட்டான். தமிழ் வாத்தியார்கள் கவனிக்க.

பொருளைப் பற்றி. நாங்கள் எடுத்தது ஆறு அங்குல அக்ரிலிக் ஷீல்டு. அக்ரிலிக்கிலேயே இரண்டு வகை உண்டு. அச்சில் ஊற்றி வார்த்தது ஒன்று, மெஷினில் தள்ளி எடுத்தது ஒன்று. வார்த்ததில்தான் லேசர் பட்ட இடம் நல்ல வெள்ளையாகத் தெரியும். மற்றதில் எழுத்து கண்ணாடி நிறத்திலேயே நின்று, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடியும். பாய் இரண்டு துண்டிலும் என் பெயரையே அடித்துக் காட்டினார். வித்தியாசத்துக்கு விளக்கமே தேவைப்படவில்லை. எழுத்தைப் பின்பக்கமாகப் பொறிக்கிறார்கள், அதனால் முன்பக்கம் வழவழவென்று இருக்கும், தூசி அடையாது. ஸ்டிக்கர் இல்லை என்பதால் உரிந்து வர எதுவும் இல்லை. ஒன்று மட்டும் கவனம்: ஸ்பிரிட், சானிடைசர் போட்டுத் துடைத்தால் அக்ரிலிக்கில் நுணுக்கமான வெடிப்பு விழும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். இதை ஒரு சின்னத் தாளில் அடித்து ஒவ்வொரு பெட்டியிலும் போட்டுக் கொடுத்தேன்.

கேரம் ஷீல்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பக்கத்தில் கேரம் என்றால் சும்மா பொழுதுபோக்கு இல்லை. 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண். அதற்குப் பிறகு எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகள் போர்டை விட்டு எழுந்திருப்பதே இல்லை. ஆனால் கப் விற்கிற கடைகளில் உச்சியில் வைக்கிற பொம்மை என்றால் மட்டை தூக்கிய கிரிக்கெட் வீரர், ஓடுகிறவர், ஷட்டில் ஆடுகிறவர், இவ்வளவுதான். கேரத்துக்குப் பொம்மை கிடையாது. வேறொரு கடையில் “கிரிக்கெட்டையே வெச்சிக்கோங்கம்மா, யார் பாக்கப் போறாங்க” என்றார்கள். பாய் கொஞ்சம் யோசித்துவிட்டு அக்ரிலிக்கைச் சதுரமாக வெட்டி, நாலு மூலையில் நாலு ஓட்டை போட்டு, நடுவில் வட்டம் கீறிக் கொடுத்தார். குட்டிக் கேரம் போர்டு. அந்த நாலு ஓட்டைக்கும் கூடுதலாக 30 ரூபாய் வாங்கினார், கொடுக்கலாம். விழா முடிந்ததும் ஷர்ட் பட்டனைக் காயாக வைத்து அதில் சுண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

விழாவுக்குப் பெரிய மனிதர் யாரையும் கூப்பிடவில்லை. எங்களிடம் படித்து இப்போது பாரதி மகளிர் கல்லூரியில் இருக்கிற பெண்தான் பரிசு கொடுத்தாள். புதுமைப் பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கிவைத்த அதே கல்லூரி. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கான அந்தத் திட்டத்தில் அவளும் மாதா மாதம் 1000 ரூபாய் வாங்குகிறவள்தான். அவளுக்கு நாங்கள் சொல்லிவைத்தது ஒன்றே ஒன்று: ஷீல்டில் இருப்பதை மைக்கில் அப்படியே படி. ‘க. யோகேஷ், பத்தாம் வகுப்பு ஆ பிரிவு, ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத வருகை’ என்று படித்ததும் பின் வரிசையில் நின்றிருந்த மீன்காரம்மாக்கள் விசில் அடித்தார்கள். அவன் அம்மா ஷீல்டை வாங்கி விரலால் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, பின்பக்கம் திருப்பி, இதில் எங்கே எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். பின்பக்கப் பொறிப்பு என்று விளக்கினேன். “அப்ப அழியாது” என்றார். பாய் கடை விளம்பரத்துக்கு இதைவிடப் பெரிய வாசகம் வேண்டாம்.

குறைகளும் உண்டு. மெடலில் பெயர் பொறிக்க முடியாது. இவரிடம் இருப்பது கார்பன் டை ஆக்சைடு லேசர். அக்ரிலிக், மரத்தில் ஓடும், வெறும் உலோகத்தில் தடம் விழாது. அதற்கு ஃபைபர் லேசர் வேண்டும், இவரிடம் இல்லை. ஆகவே மெடலின் பின்பக்கம் இங்கேயும் ஸ்டிக்கர்தான். முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்பதால் கோபமில்லை, ஆனால் குறை குறைதான். சரக்கு சொன்ன நேரத்துக்கு வரவில்லை. காலையில் தருகிறேன் என்றது சாயங்காலம் ஆனது. கேட்டால் “மின்சாரம்மா” என்று ஒரே பதில். பெட்டி மெல்லிய அட்டை, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் கீழே இருப்பது நசுங்கும். ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துத்தான் கொண்டுவந்தோம். பில் விஷயத்திலும் கொஞ்சம் அலட்சியம். முதலில் துண்டுச் சீட்டில் கூட்டிக் கொடுத்தார். மேலாண்மைக் குழுக் கணக்கில் வைக்க முறையான ரசீது வேண்டும் என்று உட்கார்ந்துவிட்ட பிறகுதான் புத்தகம் வெளியே வந்தது. ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

விலை: பெயரும் காரணமும் பொறித்த ஆறு அங்குல அக்ரிலிக் எங்களுக்கு 220 ரூபாய் விழுந்தது. வார்ப்பு மெடல் ரிப்பனோடு 55. எம்.டி.எஃப். இங்கேயும் 130க்குக் கிடைக்கிறது, கடலை விட்டுத் தள்ளி இருக்கிற பள்ளிகள் வேண்டுமானால் எடுக்கலாம். விழாவுக்கு வருகிற தொகை மேடை, மைக், பந்தலுக்கே சரியாகப் போய்விட்டது. பரிசுக்கான பணத்தைப் பழைய மாணவர்கள் போட்டார்கள். ஒவ்வொரு ஷீல்டின் கீழும் தங்கள் சங்கத்தின் பெயரைப் பெரிதாகப் போடவேண்டும் என்று அவர்களில் ஒருவர் கேட்டுப் பார்த்தார். பிள்ளையின் பெயரைவிடப் பெரிதாக எதையும் பொறிக்க இடமில்லை என்று பாயே சொல்லிவிட்டதில் எனக்கு ஒரு சண்டை மிச்சம்.

சுழற்கோப்பை, ஆளுயரக் கப் எல்லாம் வேண்டுமென்றால் இங்கே வராதீர்கள், பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள விளையாட்டுச் சாமான் கடைகளில்தான் ரகம் அதிகம். தனித்தனிப் பிள்ளைக்குத் தனித்தனி ஷீல்டு என்றால் மண்ணடி. பொங்கல் முடிந்ததும் எல்லாப் பள்ளியும் ஒரே நேரத்தில் படியேறும், ஆகவே டிசம்பரிலேயே பட்டியலோடு போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார், மூன்று மணிக்கு மேல் போனால் டீயும் கிடைக்கும்.