ஸ்கைலைன் செடானா கூப்பேயா? ஜப்பான்ல இருந்து வர்ற வி35, வி36 பத்தி கொஞ்சம்

நிஸ்ஸான் ஸ்கைலைன் காரோட பேரைக் கேட்டாலே எல்லாருக்கும் ஆர்34 ஜிடி-ஆர்ங்கற பழைய ஸ்போர்ட்ஸ் மாடல்தான் கண்ணு முன்னாடி வந்து நிக்கும். அது இப்போ போயிருக்கிற விலைக்கு போஸ்டர்ல பாத்துக்க வேண்டியதுதான். யூஸ்டு இம்போர்ட்ல சாதாரண ஆளு கைக்கு எட்டுற ஸ்கைலைன்னா அதுக்கப்புறம் வந்த வி35, வி36-ங்கற ரெண்டு தலைமுறையும்தான், ரெண்டுலயும் நாலு கதவு செடானும் இருக்கு ரெண்டு கதவு கூப்பேவும் இருக்கு. நாலையும் ஓட்டிப் பாத்தாச்சு. வாங்கணும்னு வர்றவங்க முக்கால்வாசிப் பேரு கூப்பேன்னுதான் ஒத்தக் கால்ல நிக்கறாங்க, நான் என்னமோ செடான் பக்கம்.

செடான்னா அது "உண்மையான" ஸ்கைலைன் இல்லைன்னு ஒரு கோஷ்டி கெளம்பும். அவங்களுக்கு ஒரு தகவல். 1957-ல ப்ரின்ஸ் கம்பெனி மொதல் ஸ்கைலைனை விட்டப்பவே அது நாலு கதவு வண்டிதான், 1966-ல ப்ரின்ஸ் நிஸ்ஸானோட சேந்தப்புறம் 1969-ல வந்த மொதல் ஜிடி-ஆரும் நாலு கதவு செடான்தான். ரெண்டு கதவு ஜிடி-ஆர் 1970-லதான் வந்துச்சு. அதனால அந்த வாதம் நம்மகிட்ட எடுபடாது.

சரி, வி35. 2001 ஜூன்ல செடான் வந்தப்போ ரசிகர்கள் பட்ட வயித்தெரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்ல. ஆர்34 வரைக்கும் இருந்த ஸ்ட்ரெயிட் சிக்ஸ் (ஆறு சிலிண்டரும் ஒரே வரிசைல) இன்ஜின் போச்சு, டர்போ போச்சு, பின்னாடி உருண்டையா எரியுற நாலு லைட்டும் செடான்ல போச்சு, பதிலுக்கு விக்யூன்னு ஒரு வி6 இன்ஜின். 1999-ல எக்ஸ்விஎல்னு ஒரு கான்செப்ட் காட்டினாங்க, அதைத்தான் கொண்டாந்து ஸ்கைலைன் பேட்ஜ் குத்திட்டாங்கன்னு இன்னிக்கும் புலம்புறவங்க இருக்காங்க. புலம்பட்டும், ஆனா ஓட்டிப் பாத்துட்டுப் புலம்பணும். இன்ஜினை முன் ஆக்சிலுக்குப் பின்னாடி தள்ளி வச்சு வெயிட்டை முன்னாடி 52 பின்னாடி 48-னு பிரிச்சிருக்காங்க, 2850 மிமீ வீல்பேஸ் வேற. வளைவுல உள்ள விட்டா மூக்கு நாம சொன்ன இடத்துக்குப் போகுது, பின்பக்கம் அலட்டிக்காம கூடவே வருது. பழைய டர்போ வண்டி மாதிரி பூஸ்ட் எப்போ வந்து முதுகுல உதைக்கும்னு காத்திருக்கற வேலையே இல்ல.

வி35 கூப்பே 2003-ல வந்துச்சு, 3.5 லிட்டர், 280 பிஎஸ், ஆறு கியர் மேனுவலும் உண்டு. அழகுன்னா அழகு, இன்னிக்கும் அதோட பின்பக்கத்தைத் திரும்பிப் பாக்காம போக முடியாது. ஆனா பின் சீட் இருக்கே, அதை சீட்டுன்னு சொல்றதே பெரிய மனசு. கொஞ்சம் உயரமான ஆளு உக்காந்தா தலை கண்ணாடில முட்டும். கதவுக்கு ஃபிரேம் கிடையாது, ஹேண்டிலை இழுத்தா கண்ணாடி ஒரு விரல் அளவு கீழ எறங்கி வழி விடும், மூடினா மறுபடி ஏறி ரப்பர்ல உக்காரும். புதுசுல அது ஸ்டைல். இத்தனை வருஷம் ஆனப்புறம் மோட்டார் வீக்காயி கண்ணாடி பாதில நின்னு யோசிக்குது, ரப்பர்ல சரியா உக்காராம வேகத்துல ஊஊன்னு காத்துச் சத்தம். பாக்கப் போற வண்டில ரெண்டு கண்ணாடியையும் நாலஞ்சு தடவ ஏத்தி எறக்கிப் பாருங்க, விக்கறவர் மொறைச்சா மொறைச்சிட்டுப் போகட்டும்.

வி35 செடான்ல மட்டும் ஒண்ணு, 350ஜிடி-8-னு ஒரு வேரியன்ட் வரும், அதுல எக்ஸ்ட்ராய்டுன்னு டொராய்டல் சிவிடி கியர்பாக்ஸ், அதாவது பல்சக்கரத்துக்குப் பதிலா உருளை வச்சு வேகத்தை மாத்தற ஆட்டோ. இன்ஜினியரிங்கா பாத்தா அற்புதம்தான், அதுக்கு ஆயில்ல இருந்து எல்லாமே தனி. கெட்டுப்போனா அதுல கை வைக்கற மெக்கானிக்கைத் தேடியே நொந்துருவீங்க. வேண்டாம் சாமி.

வி36 தான் என் ஃபேவரிட், 2006 கடைசில செடான், 2007-ல கூப்பே. செடான்ல 2.5 லிட்டர் 250ஜிடி 225 பிஎஸ், 350ஜிடி 315 பிஎஸ். கூப்பேல 3.7 லிட்டர், 333 பிஎஸ், 370ஜிடின்னு பேரு, 2008 கடைசில அதே இன்ஜின் ஏழு கியர் ஆட்டோவோட செடானுக்கும் வந்துருச்சு. என் கட்சிக்கு இதுதான் பெரிய பாயிண்ட்டு, அதே இன்ஜின், அதே வீல்பேஸ், கூட ரெண்டு கதவு. செடானை விட கூப்பே 100 மிமீ நீளம் கம்மி, 50 மிமீ அகலம் ஜாஸ்தி, அந்த அகலம் ரோட்டுல நிக்கறப்போ கெத்தா தெரியும், பார்க்கிங்ல கதவைத் திறக்கறப்போதான் வலிக்கும், ஏன்னா கூப்பே கதவு நீளமானது.

3.7 இன்ஜின் 7500 ஆர்பிஎம் வரைக்கும் போகும். 4000 தாண்டினா சத்தமே மாறிடுது, எக்காளம் ஊதுற மாதிரி ஒரு சத்தம் எழும்பும், ஆனா 6000-க்கு மேல கொஞ்சம் கரகரப்பு, ஸ்டீயரிங்ல லேசா ஒரு அதிர்வு. சிலருக்கு அது பிடிக்காது, எனக்கு ஓகே. டைப் எஸ்பிங்கற வேரியன்ட்ல ஸ்டீயரிங் பின்னாடி கியர் மாத்த இருக்கற மெக்னீசியம் பேடில் சில்லுன்னு நல்ல கனமான ஃபீல், பிளாஸ்டிக் பேடில் தொட்ட கைக்கு வித்தியாசம் உடனே தெரியும். ஸ்டீயரிங்கை மேல கீழ நகத்தினா மீட்டர் கன்சோலும் கூடவே நகரும், அதனால எப்படி உக்காந்தாலும் டயல் மறைக்காது. சின்ன விஷயம்தான், ஆனா யோசிச்சு செஞ்சிருக்கான். பெட்ரோல் மட்டும் ப்ரீமியம்தான் போடணும், அதுவும் ஊத்தி ஊத்திக் குடிக்கும். மைலேஜ் கேக்கறவங்க இந்தப் பக்கமே வராதீங்க, இல்லேன்னா 250ஜிடியோட நிறுத்திக்கோங்க.

இப்போ பிரச்சினைக்கு வருவோம். வி35-ல முன் சஸ்பென்ஷன் கம்ப்ரஷன் ஆர்ம்ல இருக்கற ரப்பர் புஷ் கிழியும், அதுக்குள்ள ஆயில் இருக்கும். டார்ச் அடிச்சு முன் வீலுக்குப் பின்னாடி குனிஞ்சு பாருங்க, புஷ்ஷைச் சுத்தி கறுப்பா ஈரமா வழிஞ்சிருந்தா கதை முடிஞ்சுது, பிரேக் போடறப்போ ஸ்டீயரிங் நடுங்கறதுக்கு டிஸ்க்தான் காரணம்னு டீலர் சொன்னாலும் இதைப் பாக்காம விடாதீங்க. வி36-ல வேற தலைவலி, இன்ஜின் முன்னாடி டைமிங் கவருக்கு உள்ள ஆயில் கேலரி கேஸ்கெட்னு ஒண்ணு, பேப்பர் மாதிரி மெட்டீரியல், வயசானா பிஞ்சு ஆயில் பிரஷர் கொறையும். பார்ட் விலை ஒண்ணுமே இல்ல, ஆனா அதைத் தொடணும்னா முன்பக்கம் முழுசா கழட்டணும், கூலிதான் அடி. இன்ஜின் நல்லா சூடானப்புறம் ஐடில்ல ஆயில் பிரஷர் பாக்கச் சொல்லுங்க, மெட்டல் கேஸ்கெட் ஏற்கெனவே மாத்தின வண்டின்னா பில்லைக் கேளுங்க. ஒரு நல்ல விஷயம், விக்யூ எல்லாம் டைமிங் செயின், ஆர்34 மாதிரி 1,00,000 கிமீக்கு பெல்ட் மாத்தற செலவு இல்ல.

ஏல ஷீட் (ஜப்பான் ஏலத்துல வண்டியைச் சோதிச்சு மார்க் போட்டுத் தர்ற தாள்) இல்லாம வண்டியைத் தொடவே தொடாதீங்க. கிரேடு 4, 4.5-னா நிம்மதி. ஆர் அல்லது ஆர்ஏன்னு இருந்தா அடிபட்டு ரிப்பேர் பாத்த வண்டி. ஷீட்ல இருக்கற கார் படத்துல எக்ஸ்எக்ஸ்னு குறிச்சிருந்தா அந்த பேனலையே மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம். சேஸி நம்பரோட மொத எழுத்துகளையும் பாருங்க, 3.5 கூப்பேன்னா சிபிவி35, 3.7 கூப்பேன்னா சிகேவி36, 3.7 செடான்னா கேவி36. என்கிட்ட ஒருத்தர் 370-னு சொல்லிக் காட்டின செடான்ல வெறும் வி36-னுதான் இருந்துச்சு, அது 250ஜிடி, பின்னாடி பேட்ஜ் மட்டும் யாரோ காசு கொடுத்து வாங்கி ஒட்டியிருக்காங்க. கேட்டா "அப்படியா சார்"ங்கறார். கிலோமீட்டருக்கு ஜப்பான் எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்குங்க, அங்க சாகென்ங்கற கட்டாய வண்டி இன்ஸ்பெக்ஷன்ல பதிஞ்ச ரீடிங் அதுல வரும், டேஷ்போர்டுல தெரியறது அதை விடக் கம்மியா இருந்தா நடையைக் கட்டுங்க.

வாங்கினப்புறம் சின்னச் சின்ன எரிச்சல் உண்டு. மெனு முழுக்க ஜப்பானீஸ், நேவிகேஷன் ஜப்பான் மேப்பை விட்டு வெளிய வராது, எஃப்எம் 90-ல நின்னுடும். பேண்ட் எக்ஸ்பாண்டர்னு அலைவரிசையை மாத்தித் தர்ற ஒரு சின்னப் பெட்டி போட்டா ரேடியோ கேக்கும், ஆனா ஸ்க்ரீன்ல காட்டற நம்பர் ஒண்ணு, ஸ்டேஷன் ஒண்ணு. யூனிட்டையே தூக்கிட்டு வேற போடலாம்னா ஏசி கன்ட்ரோல் டிஸ்ப்ளேவும் அதே ஸ்க்ரீன்லதான் வருது, அதனால மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ விசாரிங்க. ஸ்பீடு 180-ல லிமிட்டர் பிடிச்சுக்கும், அது ரோட்டுல ஓட்டறவங்களுக்கு ஒரு கொறையே இல்ல.

மேனுவல் கியர் வேணும், பின் சீட்டுக்கு ஆளே கிடையாதுன்னா வி36 கூப்பே எடுங்க, அதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. மத்தவங்க எல்லாரும் 2009-க்கு மேல வந்த 370ஜிடி செடான் ஒண்ணு, சுத்தமான ஷீட்டோட, கேஸ்கெட் பில்லோட கெடைக்கற வரைக்கும் காத்திருங்க. வெள்ளை கலர்ல நெறைய வரும், கறுப்பு வாங்கினா கீறல் எல்லாம் பளிச்சுன்னு தெரியும்.