கட்டிய உலையை மறுத்த ஆஸ்திரியா, ஓடிய உலையை நிறுத்திய ஜெர்மனி

அணு மின்சாரம் வேண்டாம் என்று முடிவெடுத்த இந்த இரண்டும் அண்டை நாடுகள். போன வழிதான் வேறு.

ஆஸ்திரியா நேராக மக்களிடம் கேட்டது. டான்யூப் கரையில் ஸ்வென்டென்டார்ஃப் அணு உலையைக் கட்டி முடித்தபின், 1978 நவம்பர் 5 அன்று பொது வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்றவர்கள் 50.47 சதவீதம். ஏறக்குறைய 30,000 ஓட்டுதான் வித்தியாசம்! உலையை ஆதரித்த ஆட்சித் தலைவர் புரூனோ கிரைஸ்கி அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். டிசம்பரிலேயே தடைச் சட்டம் வந்தது. அந்த உலை ஒரு நாள்கூட ஓடவில்லை.

ஜெர்மனியில் வேலை கட்சி வழியாக நடந்தது. அணு உலைகளையும் அணு ஏவுகணைகளையும் எதிர்த்த தெருப் போராட்டங்களிலிருந்து 1980-இல் பசுமைக் கட்சி பிறந்தது. 1998-இல் ஆட்சியில் பங்கு, 2002-இல் உலைகளைப் படிப்படியாக மூடும் சட்டம். சரி, முடிந்தது என்று பார்த்தால், 2010-இல் ஆட்சித் தலைவர் அங்கெலா மெர்கலின் அரசு உலைகளின் ஆயுளை நீட்டியது. அடுத்த ஆண்டே ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்து அந்த முடிவைத் திருப்பியது. கடைசி மூன்று உலைகள் நின்றது 2023 ஏப்ரல் 15 அன்று.

எனக்கு ஆஸ்திரிய வழியே பெரிதாகத் தெரிகிறது. ஜெர்மனி தன் உலைக் கழிவைப் புதைக்க இன்னும் இடம் தேடிக்கொண்டிருக்கிறது.