"வலியெல்லாம் இல்ல, சுத்தமான திமிரு"ன்னு சொல்லி எட்டு மாசம் ஓட்டுன ட்ரெயினர் – குதிரை வச்சிருக்கவங்க படிச்சிட்டு போங்க

ஆளு பேரு போடப்போறதில்ல. இதே டயலாக்கோட நிறைய பேர் சுத்திட்டு இருக்காங்க, ஒருத்தர் பேரை போட்டு என்ன ஆகப்போகுது. யாராவது உங்க குதிரைய தூரத்துல நின்னு பாத்துட்டு "திமிரு, ரெண்டு மாசம் என்கிட்ட விடுங்க"ன்னு சொன்னா, அவரு அது முதுகுல ஒரு தடவையாவது கை வச்சு பாத்தாரான்னு மட்டும் கவனிங்க. எனக்கு வாய்ச்ச ஆளு எட்டு மாசத்துல ஒருநாள்கூட கை வைக்கல.

என்னோடது பெட்டைக் குதிரை, ஒன்பது வயசு, பேரு மயிலி. முதல் ரெண்டு வருஷம் தங்கம், சின்ன பசங்கள ஏத்திவிட்டாக்கூட பதமா நடப்பா. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிச்சுது. சேணத்தை தூக்கிட்டு போனாலே காதை பின்னாடி மடக்கிக்குவா, வயித்து பெல்ட்டை, அதான் கிர்த்தை, இறுக்கும்போது திரும்பி கடிக்க வருவா, ஏறப்போனா நிக்க மாட்டா, நடை பரவால்ல, ட்ராட் (நடைக்கு அடுத்த வேகம்) சுமார், ஆனா இடது பக்கம் கேன்டர் (அதுக்கும் மேல, தாவி ஓடுறது) கேட்டா வாலை சுழட்டி சுழட்டி அடிச்சுட்டு பின்னாடிய தூக்கி ஒரு பக் போடுவா பாருங்க. நான் ரெண்டு தடவை மண்ணைக் கவ்வியிருக்கேன்.

ட்ரெயினர் பாத்தாரு, ஒரே நிமிஷம், "உங்கள ஏமாத்துறா மேடம், கத்துக்கிட்டா". நானும் நம்பிட்டேன். ஏன்னா அவரு ஏறுனா அவ அடங்கித்தான் போனா. இப்ப தான் புரியுது, அடங்குனது சரியானதால இல்ல, வேற வழியில்லாம. முதல்ல ஸ்பர், அதான் பூட்ஸ் குதிகால்ல மாட்டி குதிரைய குத்துற இரும்பு, போட்டாரு. அப்புறம் பிட்டை, அதான் வாய்க்குள்ள போற கடிவாள இரும்பை, மாத்தி இன்னும் கடுமையானது. வாயை திறந்துக்கிட்டே ஓடுறான்னு மூக்குப்பட்டைய நல்லா இறுக்கினாரு (மூக்கெலும்புக்கும் பட்டைக்கும் நடுவுல ரெண்டு விரல் போகணும், இவரு இறுக்குனதுல ஒரு விரல் நுழையல, அப்பவே நான் வாயை திறந்து கேட்டிருக்கணும்). அதுக்கப்புறம் தலைய கீழ இழுத்து கட்டுற டிரா ரெய்ன். அப்புறம் "சூடு குறையும்"னு ஒரு பவுடர். ஒவ்வொரு மாசமும் ஒரு புது சாமான், ஒவ்வொரு மாசமும் ஃபீஸ், ஒவ்வொரு மாசமும் "இப்ப தான் வழிக்கு வர்றா, இப்ப நிறுத்துனா எல்லாம் வீணாயிடும்".

கடைசில ஒருநாள் லாயத்துல வேற குதிரைய பாக்க வந்த வெட் டாக்டரம்மா, நான் சேணம் போடுறத சும்மா நின்னு பாத்துட்டு "எவ்ளோ நாளா இப்படி பண்றா?"ன்னு கேட்டாங்க. நான் திமிரு கதைய சொன்னேன். அவங்க ஒண்ணும் பேசல, சேணத்தை கழட்ட சொன்னாங்க, ரெண்டு விரலால தோள்பட்டைக்கு பின்னாடி முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் மெதுவா அழுத்திட்டே போனாங்க. மயிலி முதுகு அப்படியே குழிஞ்சு கீழ போச்சு, கண்ணு சுருங்கிடுச்சு. எனக்கு வயித்த கலக்கிடுச்சு.

அப்புறம் அவங்க பண்ணது எல்லாமே சாதாரண வேலை தான், ஒண்ணும் மந்திரம் இல்ல. முதல்ல சேணமே இல்லாம கயித்துல விட்டு ரெண்டு பக்கமும் ஓடவிட்டாங்க. இடது கேன்டர் அழகா போனா. அடுத்து சேணம் மட்டும் போட்டு, ஆள் இல்லாம. காது பின்னாடி போச்சு, அடி குட்டையாச்சு. அடுத்து நான் ஏறி, அப்ப தான் பக். அஞ்சு நிமிஷ வேலைங்க இது, ஆளால வர்ற பிரச்சனையா சேணத்தாலயா இல்ல காலு முதுகுல வேற ஏதாவதான்னு இதுலயே ஓரளவு பிரிஞ்சுடும். முழுசா தெரிஞ்சிடாது, ஆனா எங்க தேட ஆரம்பிக்கணும்னு தெரியும். சூ டைசன்னு பிரிட்டிஷ் வெட் டாக்டர் ஒருத்தங்க 2018ல ஒரு லிஸ்ட் கொண்டுவந்தாங்களாம், சவாரியில இருக்கும்போது பாக்க வேண்டிய 24 நடத்தை. அஞ்சு செகண்டுக்கு மேல காது பின்னாடியே இருக்கறது, பத்து செகண்டுக்கு மேல மேல்பல்லும் கீழ்பல்லும் விலகி வாய் பிளந்துக்கிட்டு இருக்கறது, வாலை சுழட்டி அடிக்கறது எல்லாம் அதுல வருது. எட்டு அல்லது அதுக்கு மேல இருந்தா எலும்பு தசை வலி இருக்க நிறைய வாய்ப்புன்னு அர்த்தம். டாக்டரம்மா என் ஃபோன்ல இருந்த பழைய வீடியோவ பாத்து எண்ணுனாங்க, பதினொண்ணு. அந்த வீடியோவ தான் நான் ட்ரெயினருக்கு அனுப்பி "பாருங்க எப்படி அடம் பண்றா"ன்னு கேட்டிருந்தேன், அவரு சிரிக்கிற பொம்மை போட்டிருந்தாரு.

சேணத்தை திருப்பி போட்டு பாத்தா விஷயம் தெளிவாச்சு. உள்ள இருக்குற மரச்சட்டம், ட்ரீன்னு சொல்லுவாங்களே, அது அவளுக்கு ரொம்ப குறுகல். முன்னங்காலை முன்னாடி வீசும்போது தோள்பட்டை எலும்பு பின்னாடி நகரும், ஒவ்வொரு அடிக்கும் அது அந்த சட்டத்துல போய் இடிக்குது. சவாரி முடிச்சு கழட்டுறப்ப முதுகு முழுக்க வேர்வையா இருக்கும், தோளுக்கு பின்னாடி மட்டும் உள்ளங்கை அளவுக்கு ரெண்டு இடம் காஞ்சு கிடக்கும், நான் அதை தினமும் பாத்திருக்கேன், "அங்க வேர்க்கல போல"ன்னு துடைச்சுட்டு போயிருக்கேன். அழுத்தம் அதிகமா விழுற இடம் அப்படி காஞ்சு போகலாமாம். அதே இடத்துல நாலஞ்சு வெள்ளை முடி வேற, அதுவும் அழுத்தத்தால வர்றது தான். நான் அதை அழகுன்னு நினைச்சேன், சிரிக்காதீங்க. இது போதாதுன்னு ட்ரெயினர் "மெத்துன்னு இருக்கும்"னு சேணத்துக்கு அடியில போட தடியா ஒரு பேட் வேற வித்திருந்தாரு, இறுக்கமான ஷூக்குள்ள தடி சாக்ஸ் போட்ட கதை, இன்னும் நெருக்குச்சு.

வாயை திறக்குறதுக்கு காரணம் தனி. மேல் கடவாப்பல்லோட வெளிப்பக்கம் கத்தி மாதிரி கூராயிருந்துச்சு, கன்னத்துல உள்ள புண்ணு. குதிரைக்கு மேல்தாடை கீழ்தாடைய விட அகலம், மெல்ல மெல்ல ஓரம் தேயாம கூராகும், அதனால வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாத்து ராவி விடணும். அந்த புண்ணு மேல தான் நாங்க பட்டைய இறுக்கியிருக்கோம். வயித்துப்புண்ணு இருந்தாலும் கிர்த்துக்கு கடிக்க வருவாங்கன்னு டாக்டரம்மா கேமரா விட்டு பாக்கலாம்னாங்க, பாத்தோம், நல்லவேளை ஒண்ணும் இல்ல.

இப்ப வர்றது தான் மெயின் மேட்டர். வீட்டுக்கு வந்து ஃபோன் கேலரிய நோண்டுனேன். மயிலி முதல் தடவை கடிக்க வந்த வீடியோக்கு சரியா ஆறு வாரம் முன்னாடி ஒரு போட்டோ, புது சேணத்தோட நான் பல்லை காட்டிட்டு நிக்கறேன். அந்த சேணத்தை எனக்கு வித்தது யாரு? அதே ட்ரெயினர். குதிரைய அளந்தாரா? இல்ல. "எல்லாத்துக்கும் செட் ஆகும் மேடம்". ஆக வலிய வித்ததும் அவரு, அந்த வலிக்கு மாசாமாசம் ஃபீஸ் வாங்குனதும் அவரு. தெரிஞ்சே பண்ணாரா தெரியாம பண்ணாரா, என் மனசுல ரெண்டும் மாறி மாறி ஓடுது. தெரியாம பண்ணியிருந்தாலும் தெரியாததுக்கு அவரு காசு வாங்கியிருக்காரு.

கேக்கப்போனா கத்தல. ரொம்ப பவ்யமா, "குதிரை உடம்பு மாறியிருக்கும் மேடம், சேணத்தை குடுங்க, நானே வித்து காசு தர்றேன்"னாரு. குடுத்தேன். ஆமா, மறுபடியும் நம்பி குடுத்தேன், திட்டணும்னா திட்டிக்கோங்க. காசு வரல, ஃபோனும் எடுக்கறதில்ல.

மயிலிக்கு பல்லு ராவியாச்சு, ரெண்டு மாசம் சவாரி இல்லாம முதுகுக்கு ரெஸ்ட், அப்புறம் அளந்து பாத்து ஓடவிட்டும் பாத்து வேற சேணம். பக் போடுறது நின்னுடுச்சு. ஆனா கிர்த்தை எடுத்தா இன்னும் காது பின்னாடி தான் போகுது, வலி போனாலும் வரும்னு எதிர்பாக்குறா போல. ஒவ்வொரு ஓட்டையா, நடுவுல நிறுத்தி நிறுத்தி இறுக்குறேன், அவசரப்படுத்தறதில்ல.

போன வாரம் அந்த சேணத்தை ஒரு விக்கிற குரூப்ல பாத்தேன். பிரவுன் கலரு, "எந்த குதிரைக்கும் ஃபிட் ஆகும், அதிகம் யூஸ் பண்ணல"ன்னு போட்டிருக்கு. சீட்டுக்கு இடது பக்கம் கீழ நீளமா ஒரு கீறல் இருக்கும், மயிலி என்னை ரெண்டாவது தடவை தள்ளுனப்ப வேலியில உரசுனது. பாத்தா வாங்கிடாதீங்க.