"16 மணித்தியாலத்தில் ரொறன்ரோ" என்றால் நம்பாதீர்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து வயதுபோனவர்களைக் கனடாவுக்கு அனுப்ப இருப்பவர்கள், ரிக்கெற்றுக்குக் காசு கட்டமுதல் இதை ஒருக்கா வாசியுங்கள்.

போன ஜூலையில் அம்மாவைத் தங்கச்சியிடம் அனுப்பினோம். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலும் ஏலாது. ரவுணில் ஒரு ரிக்கெற் ஏஜென்சியில் விசாரித்தபோது, அங்கிருந்தவர் போனில் எதையோ தட்டி, கொழும்பு–ரொறன்ரோ 14,000 கிலோமீற்றர், 16 மணித்தியாலம் என்று காட்டினார். "அண்ணை, அம்மா ஒரு நித்திரை கொண்டு எழும்ப ரொறன்ரோ வந்திடும்." முழுக்காசையும் கட்டிவிட்டேன். எந்த வழியால் போகிறது என்று எழுத்தில் வாங்காமல் எழும்பி வந்தது என் பிழை.

அவர் காட்டியது வெறும் கணக்கு. பூமிப்பந்தின்மேல் நூல் பிடித்து இரண்டு ஊரையும் இணைத்தால் வரும் தூரத்தை, மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீற்றரால் பிரிப்பது. கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்காவிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானமே கிடையாது, எங்கேயாவது இறங்கி மாறத்தான் வேணும்.

நாலு நாள் கழித்து ரிக்கெற் வட்சப்பில் வந்தது. செவ்வாய் காலை 10 மணிக்குக் கொழும்பில் புறப்பாடு, புதன் பகல் 12 மணிக்கு ரொறன்ரோ. கோல் எடுத்துக் கேட்டால், "26 மணித்தியாலம்தானே, இடையில கொஞ்சம் நிக்கும்" என்கிறார். அதுவும் பொய். ரிக்கெற்றில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ரொறன்ரோ எங்களுக்குக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. அதையும் சேர்த்தால் முப்பத்தைந்தரை! வளைகுடாவுக்கு 5, அங்கே காத்திருப்பு 11, ஐரோப்பாவுக்கு 7, திரும்பவும் காத்திருப்பு 4, பிறகு எட்டரை. இதற்கு முதல் யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு வான் பிடித்து ரோட்டில் ஒரு முழு இரவு. (பலாலி விமான நிலையம் எங்கள் வீட்டிலிருந்து அரை மணித்தியாலம். என்ன செய்ய, அங்கிருந்து வெளிநாடென்றால் இந்தியாவுக்குத்தான்.)

மாற்றித் தரச் சொன்னால், ரிக்கெற் விலையில் மூன்றில் ஒன்று தண்டம் என்றார். சக்கரநாற்காலியும் பதியப்படவில்லை. அது கட்டுநாயக்கா கவுண்டரில்தான் தெரிந்தது. அங்கிருந்த பிள்ளை இரங்கிப் பதிந்து தந்தா. அதே மாதம் பக்கத்து வீட்டு அக்கா கிட்டத்தட்ட அதே காசுக்கு டோகாவில் மட்டும் மாறி 22 மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்தவ.

ஆகவே காசு கொடுக்கமுதல் எத்தனை இடத்தில் இறங்குவது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் நிற்பது, மொத்தம் எத்தனை மணித்தியாலம் என்று எழுதி வாங்குங்கள். நேர வித்தியாசத்தை நீங்களே கூட்டிப் பாருங்கள்.

அம்மா கால் வீங்கிப் போய் இறங்கினா. "மூண்டு தரம் காலமைச் சாப்பாடு தந்தவங்கள், எந்த நாள் எண்டே தெரியேல்லை" என்றா. பிறகு ஏஜென்சிக்கு நேரில் போனேன். "நான் பறக்கிற நேரத்தைத்தானே சொன்னனான்" என்றார். பறந்த நேரத்தை மட்டும் கூட்டினாலே இருபதரை வருகிறதே என்றேன். மேசையில் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.