கேமன் தீவுகளில் கடனை வசூலிக்க: நடுவர் தீர்ப்பா, வெளிநாட்டு நீதிமன்றத் தீர்ப்பா?

கடன்பட்ட நிறுவனத்தின் சொத்து கேமனில் இருந்தால், கையில் நடுவர் தீர்ப்பு (நீதிமன்றத்துக்கு வெளியே, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் தரும் தீர்ப்பு) இருப்பதுதான் நல்லது. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று அமலாக்கச் சொல்லும் 1958 நியூயார்க் உடன்படிக்கை அங்கே செல்லும். தீர்ப்பையும் நடுவர் ஒப்பந்தத்தையும் இணைத்து, கேமனின் உயர் நீதிமன்றமான கிராண்ட் கோர்ட்டில் அமலாக்க அனுமதி கேட்கலாம். எதிர்த்தரப்பு இல்லாமலேயே முதல் உத்தரவு கிடைக்கக்கூடும். அப்புறம் அவர்கள் எதிர்க்கலாம். ஆனால் நோட்டீஸ் வரவில்லை, ஒப்பந்தம் செல்லாது, பொதுக்கொள்கைக்கு முரண் என்பது போன்ற சில காரணங்களே எடுபடும். நடுவர் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்ற வாதம் பொதுவாக நிற்காது.

அதற்காக எல்லாம் சட்டென்று முடிந்துவிடாது. பிரேசில் விமான நிறுவனமான கோல் பெற்ற 2010ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பைக் கேமனில் அமலாக்கலாம் என்பது, கேமனின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமான பிரிவி கவுன்சிலில் 2022இல்தான் உறுதியானது.

வெளிநாட்டு நீதிமன்றத் தீர்ப்பு என்றால் பாதை வேறு. பதிவு செய்து அமலாக்கும் சட்டம் சில ஆஸ்திரேலிய நீதிமன்றங்களுக்கு மட்டுமே நீட்டிக்கப்பட்டுள்ளது. மற்றவர்கள், லண்டன் தீர்ப்பு வைத்திருப்பவர்கள் உட்பட (வேடிக்கைதான், கேமன் பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி!), அந்தத் தீர்ப்பின் மேல் புதிதாக வழக்குப் போட வேண்டும். தீர்ப்பு இறுதியானதா, அந்த நீதிமன்றத்துக்குப் பிரதிவாதி கட்டுப்பட்டவரா என்பதெல்லாம் அங்கே கேள்வியாகும்.