மலாய் வாசிக்கத் தெரிந்த நான் ஆங்கிலம் வாசிக்கக் கற்றுக்கொண்டது: ஐந்து வருட அனுபவம்

நான் ஆங்கிலம் வாசிக்கத் தொடங்கியபோது எனக்கு 44 வயது, இப்போது 49. இது வாசிப்பைப் பற்றி மட்டும்தான். பேச்சு ஆங்கிலம் நம் மலேசியாவில் எல்லாருக்கும் கொஞ்சம் வரும், கடையிலும் லோரி டிரைவரிடமும் ஆலைக்கு வரும் இஞ்சினியரிடமும் எப்படியோ பேசிவிடுவோம். தாளில் இருப்பதை வாசி என்றால்தான் நின்றுபோவோம். கற்றுக்கொள்ள யோசனை தேடினால், எழுத்தே தெரியாதவர்களுக்கு எழுதியது கிடைக்கும், காலேஜ் முடித்தவர்களுக்கு எழுதியது கிடைக்கும். மலாயை மளமளவென்று வாசித்துவிட்டு ஆங்கிலத்தில் முட்டி நிற்கும் நம்மைப் போன்றவர்களுக்கு எழுதியது என் கண்ணில் படவில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

நான் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். 2007-இல் ஊர் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள், எங்களுக்கு இன்னும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, அப்புறம் இடைநிலைப்பள்ளிக்குப் போகும் முன் ஒரு வருடப் புகுமுக வகுப்பு, அங்கே மூன்றாம் படிவத்தோடு படிப்பு சரி. 1992-இல் எஸ்.ஆர்.பி. என்ற மூன்றாம் படிவத் தேர்வை எழுதிய கடைசிக் கூட்டம் நாங்கள், மறு வருடம் அது பி.எம்.ஆர். ஆகிவிட்டது. ஆங்கிலப் பாடம் இருக்கத்தான் இருந்தது, கரும்பலகையில் எழுதிப் போட்டதைப் பார்த்து நோட்டில் எழுதுவோம், அவ்வளவுதான். இப்போது செம்பனை ஆலையில் லோரி எடை போடும் இடத்தில் வேலை.

2019-இல் அம்மாவுக்கு இதயத்தில் பிரச்சினை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஐந்தாம் நாள் ஒரு தாளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள், முழுக்க ஆங்கிலம். வார்டில் கூட்டம், யாரும் உட்கார வைத்து விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மருந்து உறையில் மலாயில் எழுதியிருந்தது, அதைப் பார்த்து மாத்திரையைச் சரியாகக் கொடுத்தேன். உடம்பு தேறட்டும் என்று கஞ்சி, மோர், இளநீர் என்று மணிக்கொரு தரம் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். பத்து நாளில் இரண்டு காலும் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கி, திரும்பவும் ஆஸ்பத்திரி. ஒரு நாளைக்கு 1 லிட்டருக்கு மேல் நீராகாரம் கூடாது என்று அந்தத் தாளின் கடைசிப் பக்கம் இருந்திருக்கிறது. இதயம் பலவீனமாகிவிட்டால் தண்ணீர் உடம்பிலேயே தேங்கும், அதனால்தான் அந்த அளவு. அந்த வரியை நான் பார்த்தவள்தான். ஒவ்வொரு எழுத்தும் தெரியும், லிட்டர் என்ற சொல்லைக்கூட வாசித்தேன், மொத்தத்தில் என்ன சொல்கிறது என்று மட்டும் தெரியவில்லை. அம்மா தேறி வந்துவிட்டார். எனக்கு அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை.

மறு வருடம் மார்ச்சில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து வேலை நேரம் குறைந்ததும் உட்கார்ந்துவிட்டேன். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் எப்போதோ வாங்கி வைத்திருந்த, தமிழில் விளக்கம் போட்ட இலக்கணப் புத்தகம்தான் முதலில். மூன்று மாதம் மனப்பாடம் செய்தேன். இறந்தகாலம், எதிர்காலம் எல்லாம் தெரிந்தது, ஒரு பத்தியை வாசிக்க வரவில்லை. அப்புறம் கைப்பேசியில் இலவசச் செயலி ஒன்று. கொஞ்சம் சொல் சேர்ந்தது, ஆனால் துண்டு துண்டாக ஒரு வாக்கியம், அதோடு தொடர்பில்லாத இன்னொரு வாக்கியம். நாலாவது மாதம் விட்டுவிட்டேன்.

எங்கே தடுக்கிறது என்று ஒரு நாள் பெட்ரோல் நிலையத்தில்தான் புரிந்தது. ஏ, ஐ, ஆர் என்று மூன்றெழுத்துப் பலகை. மலாயில் அது ஆயர், தண்ணீர். டயருக்குக் காற்று வேண்டுமென்றால் ஆஙின் என்ற பலகையைத் தேட வேண்டும். அதே மூன்றெழுத்து ஆங்கிலத்தில் ஏர், காற்று! அப்போதுதான் கவனித்தேன், ஆங்கிலப் புத்தகத்தில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் என் மனசு முதலில் தண்ணீருக்குப் போய்விட்டுத்தான் திரும்புகிறது. சி, ஏ, டி என்றால் பூனை என்று பாலர் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கோ சாட் என்றுதான் வாய்க்கு வரும், மலாயில் அது சாயம். 1972-இல் மலாய் எழுத்துமுறையைத் திருத்தியபோதுதான் சி என்ற தனி எழுத்துக்கு 'ச' ஒலியைக் கொடுத்தார்கள், நான் படித்ததெல்லாம் அந்தப் புது முறையில். மலாயில் எழுதியபடி வாசித்தால் போதும், டெக்சி, டிக்கெட், கிளினிக் என்று ஆங்கிலத்திலிருந்து வந்த சொல்லைக்கூட காதில் விழுவது போலவே எழுதி வைத்திருக்கிறார்கள். இருபது முப்பது வருடம் அப்படிப் பழகிய கண், ஆங்கிலத்தையும் அதே மாதிரிதான் வாசிக்கும்.

தீவுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று எனக்குத் தெரியும். ஐலண்ட், தொலைக்காட்சியில் எத்தனையோ தடவை கேட்டது. புத்தகத்தில் அதைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் 'இஸ்லாண்ட்' என்றே வாசித்திருக்கிறேன், அது ஏதோ தெரியாத சொல் என்று நினைத்துக்கொண்டு. நமக்கு ஆங்கிலம் தெரியாமலில்லை, காதில் நிறையவே இருக்கிறது. அதைக் கண்ணுக்கு யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

அதைச் செய்தது, அளந்த சொற்களில் எழுதிய கதைப் புத்தகங்கள், ஒலிப்பதிவோடு. நான் வாங்கிய வரிசையில் முதல் நிலைக்கு 400 சொற்கள், அப்புறம் 700, 1000, 1400 என்று ஏறும். எப்படிப் படித்தேன் என்றால், இரவு சமையல் முடிந்து இருபது நிமிடம், ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு வரிக்குக் கீழே விரலை ஓட்டுவேன், வாயைத் திறக்க மாட்டேன். அதே பக்கம் இரண்டாம் தடவை அதோடு சேர்ந்து மெதுவாகச் சொல்வேன். மூன்றாம் தடவை ஒலியை நிறுத்திவிட்டு நானே. காதும் கண்ணும் ஒத்துப்போகாத சொல் வந்தால் பென்சிலால் அடியில் கோடு போட்டு, எப்படிக் கேட்கிறதோ அதை மேலே தமிழில் எழுதி வைப்பேன். இரண்டு வாரம் கழித்துத் தமிழை அழித்துவிடுவேன். அழிக்கிறது முக்கியம், அழிக்காவிட்டால் கண் தமிழைத்தான் வாசிக்கும். முதல் புத்தகம் ஏழு வாரம் ஆனது, பத்தாவது புத்தகம் ஆறு நாள்.

ஓ, யூ, ஜி, எச் என்ற நாலெழுத்து ஒரு சொல்லில் தோ, ஒரு சொல்லில் த்ரூ, இன்னொன்றில் டஃப் என்று மாறுவதைப் பார்த்து ஆரம்பத்தில் கோபம் வந்தது. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்த பிறகு எழுத்துக்கூட்டு கொஞ்சம் கொஞ்சமாக உறைந்துவிட்டது, பேச்சு மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. கத்தி என்ற ஆங்கிலச் சொல்லின் முன்னால் சும்மா நிற்கும் 'கே'யை ஒரு காலத்தில் வாய்விட்டே சொல்லியிருக்கிறார்கள். நம் பக்கம் வாளப்பளம் என்று சொல்லிவிட்டு வாழைப்பழம் என்று எழுதுகிறோமே, அந்த மாதிரிதான். கடல், தங்கம், மகன் மூன்றிலும் ஒரே 'க'வை மூன்று விதமாக வாசிப்பதும் நாம்தான். இடம் பார்த்து ஒலியை மாற்றும் பழக்கம் தமிழ்ப்பள்ளியிலேயே நமக்கு வந்துவிட்டது, மலாய்ப் பழக்கத்தை ஒதுக்கிவிட்டு அதை எடுக்க வேண்டும்.

கேமராவைக் காட்டினால் தமிழாக்கித் தரும் வசதியையும் பயன்படுத்துகிறேன், அவசரத்துக்கு நல்லது. படிக்கும்போது தொடுவதில்லை, தொட்டால் அன்றைக்கு வாசிப்பு போச்சு. ஆங்கிலப் பத்திரிகையைச் சீக்கிரமே எடுத்ததும் தவறு. 100 சொல்லில் 98 தெரிந்திருந்தால்தான் யார் துணையும் இல்லாமல் நிம்மதியாக வாசிக்க முடியும் என்பது பால் நேஷன் என்ற மொழிக்கல்வி ஆய்வாளர் தரும் கணக்கு. முதல் பக்கத்தில் நான் எண்ணிப் பார்த்தேன், நூற்றுக்கு இருபது தெரியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் போராடியிருக்கக் கூடாது.

2023-இல் அம்மாவை மறுபடி இரண்டு நாள் சேர்த்தார்கள். தாளை வாங்கிக்கொண்டு வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து விரல் வைத்து வாசித்தேன். அரை மணி நேரம் ஆனது. நீர் அளவு இப்போது 1.2 லிட்டர் என்று இருந்தது. பி.டி., டி.டி.எஸ். என்ற சுருக்கங்கள் மட்டும் புரியவில்லை, தாதியிடம் போய்க் கேட்டேன். நாளுக்கு இரண்டு வேளை, மூன்று வேளையாம், லத்தீன் மொழிச் சுருக்கம் என்றார். கேட்க எனக்குத் தயக்கமாக இல்லை, மற்றதெல்லாம் தெரிந்திருந்ததால்.

வங்கிக் கடிதமும் காப்புறுதித் தாளும் இன்னும் வாசிக்க முடியவில்லை, அந்த நீள வாக்கியங்களில் பாதியில் தொலைந்துவிடுகிறேன். கையால் எழுதியதை வாசிப்பதும் கஷ்டம். கதை 1400 சொல் நிலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் சத்தமாக வாசித்தால் அம்மா கட்டிலிலிருந்து "அப்புறம் என்னடி ஆச்சு அவனுக்கு?" என்று கேட்பார், நிறுத்தித் தமிழில் சொல்லிவிட்டுத் தொடர்வேன்.

வாங்குபவர்கள் ஒலிப்பதிவு உண்டா என்று பார்த்து வாங்குங்கள், ஒலி இல்லாத பதிப்பும் அதே அட்டையில் வருகிறது, நான் இரண்டு அப்படி வாங்கிவிட்டேன். முதல் இரண்டு நிலைப் புத்தகங்கள் பதினோரு எண்ணம் என்னிடம் சும்மா இருக்கிறது. கோலசிலாங்கூர் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், தருகிறேன். பென்சில் கோடுகள் இருக்கும், தமிழை அழித்துவிட்டேன்.